க்ரேப் பேண்டேஜ், பத்து சதவீதத் தள்ளுபடி

பதினோரு மாதம் கழித்து
சனியும் ஞாயிறும் ஒன்றாக வீட்டில் இருந்தார் எபினேசர்.
டிரெய்லருக்கு எஃப்.சி. வேலை.
வண்டி படுத்தால்தான் எங்களுக்கு லீவு.

விடியலில் காசிமேடு.
ஏலக்காரியின் குரலுக்கு அடியில் குனிந்து போய்
அரைக் கூடை நண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.
"உசுரோட கீதாம்மா?" என்று
விரல் நீட்டிப் பார்த்தான் ஷாலோம்.
உசுரோடதான் இருந்தது.
முதல் பிளாஸ்டர், காலை ஆறு பத்து.
கடித்த நண்டை நான்தான் தின்பேன் என்று
மத்தியானம் குழம்பில் துழாவினான்.
வெந்தபின் எல்லா நண்டும் ஒரே சிவப்பு.

சாயங்காலம் சும்மா மெட்ரோ.
தண்டையார்பேட்டையில் ஏறி
விம்கோ நகரில் இறங்கி
மறுபடி ஏறித் திரும்புவது, அவ்வளவுதான் திட்டம்.
மண்ணுக்குள்ளிருந்து ரயில் மேலேறியதும்
மொட்டை மாடிகள், காயும் சட்டைகள்,
அவற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்சமாய்க் கடல்.
பிள்ளைகள் கடலைப் பார்த்தார்கள்.
அவர் பார்த்தது எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசையை.
"அந்த பெட்ரோல் பங்க் ஓரமா
ஒரு தபா பதினாறு மணி நேரம் நின்னேன்."
சொல்லி முடிப்பதற்குள்
பங்க்கைத் தாண்டிவிட்டோம்.

இறங்கி வரும் எஸ்கலேட்டரில்
ஏறிப் பார்த்தாள் பெனிட்டா.
முட்டி.
டோக்கன் கவுன்டர் பெண் பஞ்சு கொடுத்தாள்,
திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை.
பாஸ்டரம்மா கேட்டால் காய்ச்சல் என்பதாக
நால்வரும் ஒருமனதாய் முடிவெடுத்தோம்.
பொன்னேரி வரை ரயில்,
அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ்,
பஸ்ஸில் எனக்கு மட்டும் சீட்.
ஏரிக்கு நடுவில் படகுக்காரர் கையைக் காட்டினார்,
தொலைவில் ஒரு ரோஸ் கோடு.
"பூநாரை" என்றார்.
நம்பினோம்.

கரை தட்டுமுன் குதித்தார் என் கணவர்,
பதினெட்டுச் சக்கரத்தை ரிவர்ஸ் எடுக்கிறவர்,
இரண்டே காலை சேற்றில் வைக்கத் தெரியாமல்.
சிரித்துவிட்டேன்.
அவர் எழுந்திருக்காதபோதும்
இன்னும் கொஞ்சம் சிரித்தேன்,
அது இப்போதும் உறுத்துகிறது.

திரும்பும் ரயில்
அத்திப்பட்டு புதுநகரில் நின்றேவிட்டது.
ஒரு கூட்ஸ் போனது, நிலக்கரி.
இன்னொரு கூட்ஸ்.
வீங்கிய கணுக்காலை
மொத்தப் பெட்டியும் பரிசோதித்தது.
ஸ்டான்லிக்குப் போ என்றார் ஒருவர்.
புத்தூர் கட்டு என்றார் மற்றவர்.
இறால் கூடைக்காரி மட்டும் ஒன்றும் சொல்லாமல்
கூடைக்குள் கைவிட்டு ஐஸ் எடுத்து
தன் துண்டில் முடிந்து கட்டினாள்.
வீடு வரை அவர் காலில்
இறால் வாசம்.
துண்டைத் திருப்பிக் கொடுக்க
பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

ராத்திரி விளக்கணைத்த பிறகு பெனிட்டா:
"இது எப்பம்மா வடியும்?"
"ரெண்டு மூணு நாள்ல."
"அதுவரைக்கும் அப்பா வண்டிக்குப் போமாட்டாரா?"
"கிளச் மிதிக்கணுமே. எப்படிப் போவாரு?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"மெள்ளவே வடியட்டும்" என்றாள்.
தூங்குவதுபோல் படுத்திருந்தவர்
போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டார்.

திங்கள் காலை, என் மெடிக்கல் ஷாப்.
ஷட்டரை ஏற்றியதும் முதல் பில் எனக்கே:
க்ரேப் பேண்டேஜ், ஆறு அங்குலம், ஒன்று.
ஊழியர் தள்ளுபடி போக
மீதியைக் கல்லாவில் போட்டேன்.
வலி மாத்திரையும் எடுத்தேன்,
வீக்கத்துக்கான மாத்திரையை
எடுத்து,
யோசித்து,
தட்டில் திரும்ப வைத்தேன்.

பத்து மணிக்கு பாஸ்டரம்மா வந்தார்,
ஓமத்திரவம் வாங்க.
"நேத்து ஆளையே காணோம்?"
"அவருக்கு கால்ல..." என்று தொடங்கினேன்,
உண்மை இவ்வளவு கைவசம் இருக்கையில்
காய்ச்சல் எதற்கு?